கயலின் கணக்கு வகுப்பும் இரண்டு தாத்தாக்களும்

கப்பலில் இருக்கும் என் மகனுக்கு,

கொழும்பிலிருந்து நீ அனுப்பிய செய்தி வந்தது. "நைனா, கயலு மேத்ஸ் கிளாஸ் இன்னா ஆச்சு? எத்த முடிவு பண்ண?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஒரு வகுப்பின் பெயரை அனுப்பியிருந்தால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு என்ஜின் அறைக்கு இறங்கிப் போயிருப்பாய். அந்த ஒரு வரியை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் முடிவை நானே எடுத்ததாக நீ நினைத்துக்கொள்வாய். அப்படி நீ நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று தெரிந்ததும் என்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்த நீளம். இதை உன் மனைவி செல்வி படித்தாலும், அவளுடைய அப்பா படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுதும்போது வருகிற தைரியம் பேசும்போது எனக்கு வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நீ புறப்பட்ட அன்று கார் தெருவுக்குள் வரவில்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றதால் டிரைவர் சுற்றிக்கொண்டு வந்து விம்கோ நகர் மெட்ரோ ஓரமாக நிறுத்திவிட்டார். பெட்டியை நீ இழுக்க, கைப்பையை நான் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். பாதி வழியில் நின்று, கயலுக்கு ஆன்லைனில் ஒரு நல்ல கணக்கு வகுப்பு பார்க்கவேண்டும் என்றாய். நானே பார்த்து நானே முடிவு செய்யவேண்டும் என்றாய். "நீதான் நைனா பொறுமையா பாப்ப. அவசரத்துல நான் எதுனா பண்ணிடுவேன்." உனக்கு அது வாய்க்கு வந்த ஒரு வாக்கியமாக இருக்கலாம். எனக்கு அன்று வீடு திரும்புகிறவரை முழங்கால் வலி தெரியவில்லை. உன் திருமணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் காரியம் அது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீடு வாங்கியபோது நீ உன் மாமனாரைக் கேட்டாய். பழைய கப்பல் கம்பெனியை விட்டுப் புதியதில் சேர்ந்தபோதும் அவரைத்தான் கேட்டாய். கயலுக்கு முதன்முதலாக மூச்சிழுப்பு வந்தபோது எந்த ஆஸ்பத்திரி என்று அவர்தான் சொன்னார். என்னை யாரும் ஒதுக்கவில்லை. நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும், அவ்வளவுதான். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் கடை வைத்திருக்கிற மனிதர் அவர். லாரி வந்து நிற்கும்போதே விலை சொல்லவேண்டும், சொன்ன விலையில் நிற்கவேண்டும். நானோ தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவன். ஒரு கரைசலைப் பற்றி ஒரு எண்ணைச் சொல்வதற்கு முன் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தே பழகியவன். உன் கல்யாணத்தில் அவர் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தபோது நான் சமையற்கட்டில் குடிநீர் கேன்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புகைப்படங்களில் நான் அதிகம் இல்லாததற்கு அதுவே காரணம்.

கயல் பேச ஆரம்பித்தபோது எங்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல அவளாகவே பெயர் வைத்தாள். அவர் கடத் தாத்தா, நான் வூட்டுத் தாத்தா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் காத்திவாக்கத்தில் இறால் வாங்கிக்கொண்டு வந்து படியேறும் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவனுக்காக யாரும் ஓடி வரவேண்டிய தேவையே வருவதில்லை என்று தோன்றும். வயதான பிறகு இப்படியெல்லாம் தோன்றாது என்று இளமையில் நினைத்திருந்தேன். தோன்றுகிறது. முன்பைவிட அதிகமாகத் தோன்றுகிறது.

பொறாமை எனக்குப் புதிதல்ல. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது ராயபுரத்தில் ஒரு மாஸ்டரிடம் உன்னை டியூஷன் சேர்த்தேன். நல்ல மனிதர். சேர்ந்த கொஞ்ச நாளில் உன் நோட்டில் ஏழு என்ற எண் மாறிவிட்டது. இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு போட்டு எழுத ஆரம்பித்தாய். அது அந்த மாஸ்டர் எழுதுகிற விதம். நான் உனக்குக் கற்றுக்கொடுத்த ஏழில் கோடு கிடையாது. அவரிடம் படித்துத்தான் நீ மரைன் என்ஜினியர் ஆனாய். இன்றைக்கும் நீ ஏதாவது எழுதிக்கொடுத்தால் முதலில் ஏழு எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது.

கயலுக்கு இந்த வகுப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் உன் மாமனார் போட்ட நிபந்தனையின் முழு எடையை நீ உணர்ந்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. லாரிகளுக்கு நடுவே தினமும் இரண்டு வேளை பள்ளி வேனில் உட்கார்ந்து வந்ததில் அவளுக்கு இழுப்பு அதிகமாகி, பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாள் கூடிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, வீட்டிலேயே படிக்கவைத்து, பிறகு திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதவைக்கலாம் என்று நீயும் செல்வியும் முடிவு செய்தீர்கள். அவருக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் அவருடைய தம்பி வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, லாரி கிடையாது, இடமும் சொல்லி வைத்திருக்கிறார். மற்ற பாடத்தைச் செல்வி பார்த்துக்கொள்வாள், கணக்குக்கு ஜூன் மாதத்துக்குள் ஒரு வழி செய்யாவிட்டால் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் என்றார். நீ சரி என்று சொல்லிவிட்டாய். ஆக, நீ நடுத்தெருவில் என்னிடம் ஒப்படைத்தது வெறும் வகுப்பு இல்லை. கயல் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பதையே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய்.

நீங்களே சொல்லிக்கொடுக்கலாமே என்று வெளியார் யாராவது கேட்டால் நியாயம். ஒரு முறை முயன்றேன். சதவீதம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். நான் விகிதத்திலிருந்து ஆரம்பித்தேன். விகிதத்துக்கு முன் வகுத்தல் தேவைப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள், "தாத்தா, நீ ரொம்ப சுத்துற. அந்தாண்ட போற பஸ்ஸ இந்தாண்ட ஏத்திவுடுற," என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். அதன்பிறகு கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதெல்லாம் நீதான் வீடியோவில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். படம் உறைந்துவிடும், குரல் மட்டும் வரும், அதுவும் போய்விடும். நான் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரங்களில் நான் ஒரு செய்திகூடப் படித்ததில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு கருவி வந்தால், அடர்த்தி நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு கரைசலை, மற்ற மாதிரிகளோடு மாதிரியாக, சாதாரண சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புவோம். கருவி சொல்கிற எண் நமக்குத் தெரிந்த எண்ணோடு ஒத்துப்போனால்தான் அதை நம்புவோம். வகுப்புகளையும் அப்படியே சோதிப்பது என்று முடிவு செய்தேன். சரியான விடையைப் போட்டால் எல்லா வகுப்பும் கைதட்டும். தவறான விடையைப் போட்டால் என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும். நீ உன் வாழ்க்கையில் வேறு எதைத் தேர்ந்தெடுக்கும்போதும், மனிதர்கள் உட்பட, இந்த ஒரு சோதனையைச் செய்துபார்க்கச் சொல்வேன்.

ஒரு கற்பனைப் பெயரில் சேர்ந்து, வேண்டுமென்றே தவறுகள் போட்டேன். முதல் வகுப்பில் ஒரு பொம்மைக் குரங்கு அழுதது. நான்கு விடைகளில் ஒன்றை அதுவே அழித்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னது. கேள்விகளைப் படிக்காமல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். எனக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இரண்டாவது வகுப்பைச் சேர்ந்த ஒரு பையன் தினமும் போனில் கூப்பிட்டு, "அங்கிள், ஒங்க பேத்தி ஃப்யூச்சர் பத்தி ரெண்டு நிமிஷம்," என்பான். அவன் பேச்சை நடுவில் வெட்ட எனக்கு மனம் வராது. அவனுக்கும் ஏதோ ஒரு கெடு இருக்கும். முழுவதும் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைப்பேன். அதனால் மறுநாளும் கூப்பிடுவான். மூன்றாவது வெளிநாட்டு வகுப்பு. பாடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் தவறு போட்டால் பார்த்த அதே வீடியோவை மறுபடி ஓட்டியது. புரியாத ஒன்றை அதே குரலில் திரும்பச் சொன்னால் குழந்தை தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொள்ளும். நான்காவதில் ஒரு சார் கரும்பலகையில் அழகாக எழுதினார். கேள்வி கேட்க ஆள் இல்லை. இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்து வரைபடத் தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். மே மாதம் பிறந்துவிட்டது. கட்டம் நிறைந்திருந்தது, முடிவு மட்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வந்தார். மேசையில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன சம்பந்தி, கம்பி வாங்க வாரவன் இம்புட்டு யோசிச்சா கட்டடம் எழும்புமா?" என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. சொல்லிவிட்டு, தன் கடையில் கணக்கு எழுதுகிறவரைப் போனில் பிடித்து, அவருடைய மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டார். தென்காசிப் பக்கத்தில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியிலிருந்து நேரலையாக நடத்துகிற சின்ன வகுப்பு. ஒரு குழுவில் ஆறு பிள்ளைகள்தான். உடனே அந்த டீச்சரையும் கூப்பிட்டார். அவர் பேச்சில் ஊர் வாசனை வந்ததும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இறால் உரித்து முடிப்பதற்குள் கயல் ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். செல்வி அவள் பெயரையும் பதிந்துவிட்டாள்.

நான் என் நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். கயல் தப்பாகச் சொன்னாள். நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன், இப்போது இந்த அம்மாள் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. அவர் தப்பு என்றே சொல்லவில்லை. "அது எப்படி வந்துச்சுன்னு எனக்குச் சொல்லேன், நீ போன வழி எனக்குத் தெரியணும்," என்றார். கயல் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில் தானே நின்று, "ஐயய, இங்கதான் கோட்ட வுட்டேன்," என்று சிரித்தாள். நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தது அதுதான். என் கட்டத்தில் எந்த இடத்தில் பார்த்தாலும் அது தேறியது. அதை உன் மாமனார் ஒரு போனில் கண்டுபிடித்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் கயல் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது அவரைத்தான். என் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். இறால் வாசனை வீடு முழுக்க இருந்தது.

அடுத்த நாள் அந்த வகுப்பிலிருந்து ஒரு நிலைத் தேர்வு வந்தது. கயல் எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்த்து, அதற்கேற்ற குழுவில் போடுவதற்காக. கயலும் செல்வியும் கடைக்குப் போயிருந்தார்கள். டேப்லட் மேசையில் இருந்தது. மற்ற வகுப்புகளில் இந்த முதல் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், முந்தையது அழிந்துவிடும். இதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உட்கார்ந்து, மற்றவற்றில் போட்ட அதே தவறுகளை இதிலும் போட்டேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. கழித்தலுக்குப் பக்கத்தில் கழித்தல் வந்தால் எல்லாமே கூட்டல். புள்ளி நாற்பத்தைந்து புள்ளி ஐந்தைவிடப் பெரியது. கழித்தலுக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கிற குறியை மாற்றாமல் விடுவது. முடித்து அனுப்பினேன். பழக்கத்தால்தான் செய்தேனா, அல்லது அந்த வகுப்பு எங்காவது ஓர் இடத்தில் சறுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தேனா என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இரண்டும் கலந்த கரைசலைப் பிரித்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

இந்த வகுப்பில் தேர்வு ஒரே ஒரு முறைதான். அதைத் திருத்துவது இயந்திரமும் இல்லை, அந்த டீச்சர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உன் மாமனார் வந்திருந்த நேரத்தில், டீச்சர் போனில் கூப்பிட்டார். செல்வி எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். டீச்சர் மென்மையாகத்தான் சொன்னார். அடிப்படை நாலாம் வகுப்பில் நிற்கிறது, பயப்படவேண்டாம், அங்கிருந்து தொடங்கிச் சரிசெய்துவிடலாம் என்று. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். பிள்ளையை வீட்டில் வைத்துக் கெடுக்கிறாள் என்று இரண்டு பக்க உறவும் இத்தனை நாள் பேசியதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தாள். அவ்வளவும் ஒரே நிமிடத்தில் உண்மையாகிவிட்டதுபோல் இருந்தது. உன் மாமனார் சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் குரலைத் தாழ்த்தி, "செல்வி, ஒன்னால ஆனத நீ செஞ்சுட்ட. பிள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

கயல், "நான் டெஸ்ட்டே எய்தலியேம்மா," என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. "மெய்யாலுமே எய்தல. எனக்கு டெஸ்ட்டு வந்ததே தெரியாது." செல்வி நிமிர்ந்து, "பொய் சொல்லாத கயல். அது ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள். கயலுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சில வினாடிகளில் நான் என்ன யோசித்தேன் என்று எழுதக் கூசுகிறது. டீச்சர் தப்பாகத் திருத்திவிட்டார் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் என் வாய் திறந்தது. "நான்தான் எழுதினேன். அவள் எழுதவில்லை. வேண்டுமென்றே தப்பாக எழுதினேன்," என்றேன்.

முதலில் சிரித்தது உன் மாமனார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க சம்பந்தி நாலாங்கிளாஸு!" என்று போனில் இருந்த டீச்சரிடமே சொன்னார். அன்று மாலைக்குள் சாத்தாங்காட்டுச் சந்தை முழுக்க அந்தப் பட்டம் பரவியிருக்கும், எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செல்வி சிரிக்கவில்லை. கயலுக்கு இன்ஹேலரை எடுத்துக்கொடுத்துவிட்டு, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தாள். டீச்சருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் ஒன்று சொன்னார்: "ஐயா, சும்மா மனம்போல போட்ட தப்புன்னா நான் கண்டுபிடிச்சிருப்பேன். இது எல்லாம் ஒரே பிள்ள போட்ட தப்பு மாதிரி இருந்துச்சு. அதான் ஏமாந்துட்டேன்."

கயல் டேப்லட்டை வாங்கி, நான் எழுதியதை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மூச்சு இன்னும் முழுதாகச் சீராகவில்லை. "தாத்தா, இதெல்லாம் என் தப்பு," என்றாள். "இந்த மைனஸு, இந்த பிராக்கெட்டு. டாடி கைல நான் திட்டு வாங்கினது. நீ பேப்பர்தான படிச்சிகினு இருந்த?" என்னிடம் இருந்த தெரிந்த கரைசல் அது ஒன்றுதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? செல்வி என்னை நேராகப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "அவ எங்க தடுமாறுறான்னு இவ்ளோ தெரிஞ்சி வச்சிருக்கீங்க. எங்கிட்ட ஏன் மாமா சொல்லல? தெனம் பக்கத்துல ஒக்காந்து பாடம் எடுக்கிறது நான்தான?" என்றாள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதுதான் என் மனதில் இருந்த பதில். ஆனால் நானும் அவளைக் கேட்கவில்லை. இத்தனை கட்டம் போட்டேனே, குழந்தையோடு பகல் முழுக்க இருக்கிறவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு கட்டம் போடவில்லை. உன் மாமனாரும் போடவில்லை. நீயும்தான். நடுத்தெருவில் பெட்டியோடு நின்று என்னிடம் சொன்னதை, அதற்கு முன் சமையலறையில் நின்று அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். இதை அப்பன் என்கிற முறையில் சொல்கிறேன். நம்பிக்கை வைப்பது நல்லதுதான். ஆனால் அதை யார் தலைக்கு மேலே கைமாற்றுகிறோம் என்று பார்த்துக்கொள். அன்று சாயங்காலம் செல்வியை உட்காரவைத்து, வகுப்பைப் பற்றி அவள் கருத்தைக் கேட்டேன். அவளுக்கு அந்த டீச்சரை முதல் நாளே பிடித்திருந்தது. காரணமும் சொன்னாள். ஆறு பிள்ளைகளில் இன்னொருத்தியும் வீட்டிலிருந்தே படிக்கிறவளாம். கயல் தனி என்று நினைக்கமாட்டாள் என்றாள். என் கட்டத்தில் அது இல்லவே இல்லை.

டீச்சர் பெரிய மனதோடு இன்னொரு தேர்வு அனுப்பினார். இந்த முறை கயல் எழுதினாள். செல்வி பக்கத்தில் இருந்தாள், இரண்டு தாத்தாக்களும் வாசலுக்கு அனுப்பப்பட்டோம். அவரும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் தம்பிக்குப் போன் செய்து பள்ளியில் சொல்லி வைத்த இடத்தை விடவா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, "பிள்ள அங்க இருந்தா மூச்சு நல்லா விடும் சம்பந்தி. அதுக்குத்தான் சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல," என்றார். அது உண்மை. போன கோடையில் அங்கே இருந்தபோது அவளுக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை. அவர் அவளுடைய மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் அவள் யார் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இதில் படித்துக்கொள்ளட்டும்.

ஏழாம் வகுப்பு நிலை என்று வந்தது. அடைப்புக்குறியிலும் தசமப் புள்ளியிலும் மட்டும் கொஞ்சம் பலவீனம், அது ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும் என்றார் டீச்சர். உன் மாமனார் தம்பியைக் கூப்பிட்டு இடத்தை விட்டுவிடச் சொன்னார். கோடையில் மட்டும் அங்கே அனுப்பவேண்டும் என்று செல்வியிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நான்கூட அதற்குத் தலையாட்டினேன்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இது. தென்காசி டீச்சர் வகுப்பு. கண்டுபிடித்தவர் உன் மாமனார். சரி என்றவள் உன் மனைவி. சோதித்தவன் நான், சோதனையில் தேறியது வகுப்புதான், நான் இல்லை. அவருக்கு நீ போன் செய்து நன்றி சொல். நான் சொன்னால் என் குரலில் நன்றியோடு வேறு ஏதாவது கலந்து வந்துவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. குழு முடிவாகி வகுப்பில் சேரும்போது, வாரா வாரம் பிள்ளையின் நிலையைப் பற்றி டீச்சர் குரலில் பேசி அனுப்புவார், அம்மாவைத் தவிர இன்னும் ஒருவர் எண்ணைக் கொடுக்கலாம் என்றார்கள். உன்னுடையது நடுக்கடலில் எடுக்காது. உன் மாமனார் கையில் தேநீரோடு, "என் நம்பரப் போடு செல்வி," என்றார், போடப்போவது அதுதான் என்கிற நிச்சயத்தோடு. செல்வி தட்ட ஆரம்பித்தாள். நான், "என் நம்பரைப் போடும்மா," என்றேன். அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் தேநீரை இறக்கி வைத்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. செல்வி தட்டியதை அழித்துவிட்டு என் எண்ணைப் போட்டாள்.

முதல் வாரத்துப் பேச்சு நேற்று வந்தது. செல்வியும் நானும் சேர்ந்து கேட்டோம், பிறகு நான் தனியாக மறுபடி கேட்டேன். உனக்கு இதோடு அனுப்பியிருக்கிறேன், கவனமாகக் கேள். உன் மாமனார் காலையிலிருந்து கடையிலிருந்து கூப்பிட்டு, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அனுப்புவேன்.

உன் நைனா